பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நெட்டையர்: குற்றம் யாருடையது?

உயரம் 7 அடி 5 அங்குலம். ஆடக் கிடைத்த நேரம் 16 விநாடி!

இது கதை அல்ல. உண்மையில் நடந்தது.

2015-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 7-ந் தேதி. அமெரிக்காவில் சாக்ரமென்டோ நகரத்தின் "கிங்ஸ்" கூடைப்பந்து அணியும் மின்னசோட்டா அணியும் மோதின. ஆட்டம் முடிய 16 விநாடிதான் பாக்கி. அப்போது பெஞ்சில் இருந்து ஒரு நெட்டையர் எழுந்து ஆட்டக் களத்துக்குள் போனார். ரசிகர்கள் கரகோஷம் செய்தார்கள்.

அவர் பெயர் சிம் புல்லார். கனடாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் பஞ்சாபில் இருந்து அங்கே குடியேறியவர்கள். என்.பி.ஏ. என்பது அமெரிக்காவின் மிகப் பெரிய கூடைப்பந்துப் போட்டி. அதில் இந்திய வம்சத்தைச் சேர்ந்த ஒருவர் ஆடியது அன்றுதான் முதல் தடவை.

அந்த ஆண்டில் அவர் என்.பி.ஏ.வில் ஆடியவை 3 ஆட்டங்கள். எடுத்த புள்ளி 2. அதற்குப் பிறகு அங்கே அவர் ஆடவில்லை.

அப்படியானால் அவருக்குத் திறமை இல்லையா? அல்லது திறமையைக் காட்ட நேரம் கொடுக்கவில்லையா?

இந்தக் கேள்வி அமெரிக்காவுக்கு மட்டும் உரியது அல்ல. நெய்வேலிக்கும் உரியது.

மைதானத்தில் ஒரு விவாதம்

நெய்வேலி நகரியத்தில் விளையாட்டுக்குக் குறைவு இல்லை. அகலமான சாலைகள், மர நிழல், பள்ளிக்கூட மைதானங்கள், பாரதி விளையாட்டரங்கம் எல்லாம் உண்டு. பகல் ஷிப்டு முடித்து வருகிறவர்கள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆட்டம் பார்ப்பார்கள். பார்த்தால் சும்மா இருக்க முடியுமா? விவாதம் தொடங்கிவிடும்.

கூடைப்பந்து என்றால் விவாதம் பெரும்பாலும் ஒரு ஆளைப் பற்றித்தான் இருக்கும். அவர்தான் மாற்று நெட்டையர். முதல் ஐந்து பேரில் அவர் இல்லை. முதல் நெட்டையர் களைத்தால்தான் இவர் உள்ளே போவார்.

"போன ஆட்டத்தில் 10 புள்ளி எடுத்தான். இன்றைக்கு ஒன்றுகூட இல்லை. ஒரு நாள் யானை, ஒரு நாள் பூனை! இவனை நம்பி எப்படி இறக்குவது, அண்ணே?" என்பார் ஒருவர்.

"நாலு நிமிஷம் விட்டுவிட்டு வெளியே கூப்பிட்டால் யார்தான் ஆடுவார்கள், தம்பி?" என்பார் இன்னொருவர்.

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எது முதலில் வருகிறது என்று பார்க்க வேண்டும். சரியாக ஆடாததால் நேரம் குறைகிறதா? நேரம் குறைவதால் சரியாக ஆடவில்லையா?

200 நிமிடக் கணக்கு

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

உலக விதிப்படி கூடைப்பந்து ஆட்டம் 40 நிமிடம். பத்துப் பத்து நிமிடமாக நாலு கட்டம். ஒரு அணியில் 5 பேர் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். 40-ஐ 5-ஆல் பெருக்கினால் 200. ஆக, ஒரு அணியின் கையில் 200 நிமிடம் இருக்கிறது. அதைத்தான் 12 பேருக்குள் பங்கு போட வேண்டும்.

சமமாகப் பங்கு போட முடியாது. நன்றாக ஆடுகிறவருக்கு அதிகம் கிடைக்கும். அது இயற்கை.

ஆனால் நெட்டையர் விஷயம் தனி. அவர் வேலை கூடைக்குக் கீழே. கூடையின் உயரம் தரையில் இருந்து 10 அடி. அங்கே பந்து எறிய வருகிறவர்களைத் தடுக்க வேண்டும். தவறிய பந்தைப் பாய்ந்து பிடிக்க வேண்டும். தள்ளுமுள்ளு எல்லாம் அங்கேதான். அதனால் "பவுல்" எனப்படும் குற்றமும் அவர் பெயரில்தான் அதிகம் ஏறும். 5 பவுல் ஆனால் வெளியே போக வேண்டியதுதான். திரும்ப வர முடியாது.

முதல் நெட்டையர் சீக்கிரமே 3 பவுல் வாங்கிவிட்டால் என்ன ஆகும்? பயிற்சியாளர் பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார். மாற்று நெட்டையர் எழுந்து நிற்பார். வேறு எந்த இடத்துக்கும் உயரம் குறைந்தவரைப் போட்டுச் சமாளிக்கலாம். கூடைக்குக் கீழே சமாளிப்பது கடினம்.

ஆகவே மாற்று நெட்டையர் அலங்காரப் பொருள் அல்ல. என்றைக்கு வேண்டுமானாலும் அவர் தேவைப்படுவார்.

யானையும் பூனையும்

அவர் ஆட்டம் ஏன் ஒரு நாள் போல ஒரு நாள் இருப்பதில்லை?

இன்னொரு கணக்கைப் பாருங்கள். பந்து கைக்கு வந்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்பது விதி. மாற்று நெட்டையருக்கு 4 நிமிடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த 4 நிமிடத்தில் அவருடைய அணிக்கு ஏழெட்டு முறை பந்து வரலாம். அதில் நெட்டையர் கைக்குப் பந்து வருவது எத்தனை முறை? ஒன்று அல்லது இரண்டு.

இரண்டும் கூடையில் விழுந்தால் 4 புள்ளி. "ஆகா, என்ன ஆட்டம்!" என்பார்கள். இரண்டும் தவறினால் பூஜ்யம். "உதவாக்கரை" என்பார்கள்.

காசைச் சுண்டினால் இரண்டு தடவையும் தலை விழலாம். இரண்டு தடவையும் பூ விழலாம். அதைப் பார்த்து, "இந்தக் காசில் கோளாறு" என்று யாராவது சொல்வார்களா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. சரிதான். ஆனால் பானை கொதித்த பிறகுதான் பதம் பார்க்க வேண்டும். உலையில் போட்ட உடனே ஒரு அரிசியை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, "இந்த அரிசி வேகாது" என்று சொல்வது சமையல் அறியாதவர் வேலை.

உடம்பு விஷயமும் இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஓடிக் குதித்து உடம்பைச் சூடாக்கிக் கொள்கிறார்கள். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தால் அந்தச் சூடு ஆறிவிடும். கால் இறுகிவிடும். பெரிய உடம்புக்காரர் மறுபடி சூடேறுவதற்குள் "வெளியே வா" என்று உத்தரவு வந்துவிடும்.

மனசும் இருக்கிறது. ஒரு தப்புச் செய்தால் தூக்கிவிடுவார்கள் என்ற பயம் உள்ளவன் பந்தைப் பார்ப்பதில்லை. பயிற்சியாளர் முகத்தைப் பார்க்கிறான்!

பஞ்சாப் கிராமத்துப் பையன்

சத்னாம் சிங்கின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பஞ்சாபில் பல்லோ கே என்று ஒரு கிராமம். அங்கே விவசாயக் குடும்பத்தில் 1995-ல் பிறந்தவர் சத்னாம். தகப்பனாரும் நெட்டை, பிள்ளையும் நெட்டை. பிள்ளையின் உயரம் 7 அடி 2 அங்குலம். லூதியானாவில் கூடைப்பந்து கற்றார். 2010-ல், 14 வயதில், அமெரிக்காவில் புளோரிடாவில் உள்ள ஒரு பயிற்சிக் கழகத்துக்குப் போனார். மொழி தெரியாத ஊரில் படிப்பும் பயிற்சியுமாக ஐந்து ஆண்டுகள் கழிந்தன.

2015 ஜூன் மாதம் அவரை டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தது. அந்த ஆண்டுத் தேர்வில் அவர் 52-வது ஆள். இந்தியாவில் பிறந்த ஒருவரை என்.பி.ஏ. அணி இப்படித் தேர்ந்தெடுத்தது அதுவே முதல் தடவை. இந்தியப் பத்திரிகைகள் எல்லாம் அவர் படத்தைப் போட்டன.

பிறகு நடந்தது என்ன?

டல்லாஸ் அணியைச் சேர்ந்த "டெக்சஸ் லெஜெண்ட்ஸ்" என்ற சிறிய அணிக்கு அனுப்பினார்கள். அங்கே இரண்டு பருவம் இருந்தார். பல ஆட்டங்களில் பெஞ்சோடு சரி. இறங்கிய ஆட்டங்களிலும் சராசரியாக 10 நிமிடத்துக்கும் குறைவு. என்.பி.ஏ. லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பிற்பாடு கூடைப்பந்தை விட்டுத் தொழில்முறை மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

சத்னாம் நல்ல ஆட்டக்காரரா, இல்லையா? தீர்ப்புச் சொல்ல ஆதாரம் போதாது என்பதுதான் உண்மை. 19 வயது வாலிபன் ஆடிப் பழக வேண்டிய ஆண்டுகள், வேடிக்கை பார்த்துக் கழிந்தன.

அதே ஆள், வேறு ஆட்டம்

சிம் புல்லார் கதைக்குத் திரும்புவோம். அவரும் சிறிய அணி ஒன்றில் ஆடியவர்தான். "ரீனோ பிக்ஹார்ன்ஸ்" என்பது அதன் பெயர். ஆனால் அங்கே அவருக்கு ஆட நேரம் கிடைத்தது. அதே 2014-15 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளி எடுத்தார். எதிரிகள் எறிந்த பந்துகளை வானத்திலேயே தட்டிவிட்டார். பின்னர் தைவான் நாட்டுக்குப் போய் அங்கேயும் பெயர் வாங்கினார்.

என்.பி.ஏ.வில் 2 புள்ளி எடுத்தவரும், ரீனோவில் வெளுத்து வாங்கியவரும் ஒரே ஆள்தான். ரீனோவில் எதிரிகள் கொஞ்சம் எளிது. அது ஒரு காரணம். நேரம் கிடைத்தது இன்னொரு காரணம்.

அம்ரித்பால் சிங் என்று இன்னொருவர். இவரும் பஞ்சாப் விவசாயக் குடும்பம். உயரம் ஏழு அடிக்குச் சற்றுக் குறைவு. 2014-ல் சீனாவின் வூஹான் நகரில் நடந்த ஆசியக் கோப்பைப் போட்டியில் சீன அணியை 65-58 என்று இந்தியா வென்றது. நெட்டையர்களுக்குப் பெயர் போன நாடு சீனா! அந்த இந்திய அணியில் அம்ரித்பால் இருந்தார். இந்திய அணியின் தூண்களில் ஒருவர் அவர். 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி அணியில் சேர்ந்தபோது அங்கே அவர் மாற்று ஆள். நாட்டுக்கு ஆடும்போது தூண்; சிட்னியில் பெஞ்சு. உயரம் என்னவோ ஒன்றுதான்!

பயிற்சியாளர் பக்கமும் நியாயம் உண்டு

பயிற்சியாளரை வில்லன் ஆக்கிவிடக் கூடாது. தோற்றால் திட்டு வாங்குகிறவர் அவர். சில சமயம் வேலையே போய்விடும்.

ஆட்டமும் மாறிவிட்டது. இப்போது தூரத்தில் இருந்து எறிந்து 3 புள்ளி எடுக்கிறார்கள். வேகமாக ஓடுகிறார்கள். மெதுவாக அசையும் நெட்டையர் கூடைக்கு அடியில் நின்றால், எதிரி எட்ட நின்று எறிந்துவிட்டுப் போய்விடுவான்.

2015 ஜூன் மாதம் என்.பி.ஏ. இறுதிப் போட்டி நடந்தது. கோல்டன் ஸ்டேட் அணி 2-1 என்று பின்தங்கி இருந்தது. அதன் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஏழு அடி உயரம் உள்ள போகட்டை முதல் ஐவரில் இருந்து நீக்கினார். 6 அடி 6 அங்குலம் உள்ள இகுடாலாவைப் போட்டார். அடுத்த மூன்று ஆட்டங்களிலும் வெற்றி! கோப்பையும் கிடைத்தது.

"பார்த்தீர்களா? நெட்டையரை உட்கார வைத்ததால்தான் ஜெயித்தார்கள்" என்பார்கள். உண்மைதான். ஆனால் இகுடாலா யார் என்று பார்க்க வேண்டும். அந்தப் பருவத்தில் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் முதல் ஐவரில் ஆடவில்லை. அவரும் பெஞ்சு ஆள்தான். ஆனால் ஆட்டத்துக்குச் சுமார் 27 நிமிடம் அவருக்குத் தவறாமல் கிடைத்து வந்தது. அதனால்தான் கூப்பிட்ட அன்று தயாராக இருந்தார். இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் என்ற பரிசையும் வாங்கினார்.

பெஞ்சில் உட்காருவது ஒருவரைக் கெடுப்பதில்லை. எப்போது கூப்பிடுவார்கள், எவ்வளவு நேரம் விடுவார்கள் என்று தெரியாமல் உட்காருவதுதான் கெடுக்கிறது.

நெய்வேலிக்குத் தெரிந்த பாடம்

இதை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கிச் சொல்லத் தேவை இல்லை.

பழுப்பு நிலக்கரிக்கு அடியில் நீர் பொங்கும் அழுத்தத்தோடு நிற்கிறது. 1957-ல் சுரங்க வேலை தொடங்கியது. 1961-ல் கரியைத் தொட்டார்கள். அன்று முதல் இரவு பகலாகப் பம்பு போட்டுத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. பம்பு நின்றால் சுரங்கத்துக்கு ஆபத்து.

அனல் மின் நிலையத்திலும் அப்படித்தான். முக்கியமான பம்பு ஓடுகிறது என்றால் பக்கத்தில் இன்னொரு பம்பு தயாராக இருக்கும். "ஸ்டாண்ட்பை" என்று அதற்குப் பெயர். அது ஓடாமல் நிற்கிறதே என்று யாரும் அதை மூலையில் போட்டு மூடி வைப்பதில்லை. நாள் குறித்து ஓட்டிப் பார்ப்பார்கள். முறை மாற்றி ஓட்டுவார்கள். ஏன்? சும்மாவே கிடந்தால் தண்டு இறுகிவிடும். மோட்டாரில் ஈரம் ஏறிவிடும். அவசரத்தில் சுவிட்சைப் போட்டால் ஓடாது.

அவசரத்தில் ஓடவில்லை என்றால் குற்றம் பம்பினுடையதா? மாதக்கணக்கில் ஓட்டிப் பார்க்காதவருடையதா?

ஷிப்டு முறையும் ஒரு பாடம். காலை, பிற்பகல், இரவு என்று மூன்று ஷிப்டு. தன் வேளை எப்போது என்று தொழிலாளிக்குத் தெரியும். அதற்குத் தகுந்தபடி சாப்பிடுகிறார், தூங்குகிறார், தயாராகிறார். "எப்போது கூப்பிடுவோமோ தெரியாது, வாசலிலேயே நில்" என்று சொன்னால் எந்தத் தொழிலாளியாலும் ஒழுங்காக வேலை செய்ய முடியாது.

என்ன செய்யலாம்?

மாற்று நெட்டையருக்கும் ஒரு ஷிப்டு வேண்டும்.

முதல் கட்டத்தின் கடைசி 3 நிமிடமும், இரண்டாம் கட்டத்தின் முதல் 3 நிமிடமும் அவருடையவை. அதேபோல மூன்றாம் கட்டத்தின் கடைசி 3 நிமிடம், நாலாம் கட்டத்தின் முதல் 3 நிமிடம். மொத்தம் 12 நிமிடம். முதல் நெட்டையருக்கு 28 நிமிடம். அவருக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். கடைசி ஏழு நிமிடம் பயிற்சியாளர் இஷ்டம். யார் நன்றாக ஆடுகிறாரோ அவர் இருக்கட்டும். அதில் யாரும் குறை சொல்லக் கூடாது.

10 ஆட்டம் இப்படி ஆடினால் 120 நிமிடம். மூன்று முழு ஆட்டத்துக்குச் சமம். அப்போது பானை கொதித்திருக்கும். பதம் பார்க்கலாம்.

வேலையையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். "பந்தைப் பிடி, கூடையைக் காவல் செய். இவ்வளவு போதும்" என்று சொன்னால் அவருக்குப் பாரம் குறையும். புள்ளி எடுக்கவில்லையே என்று திட்டக் கூடாது. அவர் உள்ளே இருந்த நேரத்தில் எதிரி எத்தனை புள்ளி எடுத்தான் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

நெட்டையருக்கும் கடமை உண்டு. பெஞ்சில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. தன் வேளை வருவதற்கு முன் எழுந்து கை காலை ஆட்டி உடம்பைச் சூடாக்க வேண்டும். எதிரி நெட்டையர் எந்தப் பக்கம் திரும்புகிறார், எந்தக் கையால் எறிகிறார் என்று கவனிக்க வேண்டும். உள்ளே போன உடனே அவசரப்பட்டு பவுல் வாங்கக் கூடாது. 12 நிமிடம் கொடுத்தும், 10 ஆட்டம் கொடுத்தும் தேறவில்லை என்றால் பயிற்சியாளரைக் குறை சொல்ல அவருக்கு உரிமை இல்லை.

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பந்து தவறியதும் "வெளியே போ" என்று கத்துவது எளிது. அந்தச் சத்தம் பயிற்சியாளர் காதிலும் விழுகிறது. சில சமயம் அவர் ஆளை மாற்றுவதற்கு அதுவே காரணம் ஆகிவிடுகிறது.

பெற்றோர்களுக்கு

பள்ளிக்கூடத்தில் ஒரு பையனோ பெண்ணோ திடீரென்று உயரமாக வளர்ந்தால், உடற்பயிற்சி ஆசிரியர் கூடைப்பந்து அணியில் சேர்த்துவிடுகிறார். ஊரே பெரிதாக எதிர்பார்க்கிறது. இரண்டு ஆட்டத்தில் சரியாக ஆடவில்லை என்றால், "வளர்ந்து என்ன பிரயோஜனம்?" என்று கேலி செய்கிறது. அந்தப் பிள்ளை கூனிக் குறுகி நடக்கத் தொடங்குகிறது. வேகமாக வளரும் உடம்பு தன் கை காலைப் பழக்கிக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும் என்பதை யாரும் நினைப்பதில்லை.

பிள்ளையை இறக்கவில்லையே என்று ஆசிரியரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். "என் பிள்ளைக்கு என்ன வேலை கொடுத்திருக்கிறீர்கள்? எந்த நேரம் அவனுடையது?" என்று மரியாதையாகக் கேட்கலாம். நல்ல ஆசிரியர் பதில் சொல்வார். பதில் கிடைத்தால் பிள்ளை அதற்குத் தயாராகும்.

சத்னாம் சிங்கும் சிம் புல்லாரும் வளர்ந்தாகிவிட்டது. அவர்களுடைய நேரம் போனது போனதுதான். நெய்வேலியிலோ வேறு ஊரிலோ இன்று மாலை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நெட்டைப் பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதைப் பிச்சை போல இரண்டு நிமிடம், மூன்று நிமிடமாகப் போடாமல், ஷிப்டு போல முறையாகக் கொடுத்துப் பார்க்கட்டும். தீர்ப்பு அதற்குப் பிறகு.